அழித்தவன் சொல்லும் நிலையாமை

சாவு வீட்டுக்கு வந்த ஒருவர், "பிறந்தவர் எல்லாரும் ஒருநாள் போகவேண்டியவர்தானே" என்கிறார். சொன்னவர் தூரத்து உறவினராக இருந்தால் அது ஆறுதல். லாரியை ஏற்றிக் கொன்றவனே கையைக் கட்டிக்கொண்டு நின்று அதைச் சொன்னால்? வாக்கியத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, அதில் பொய்யும் இல்லை. ஆனாலும் அதைச் சொல்லும் தகுதி அவனுக்கு இல்லை என்று கூடியிருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். ஏன் இல்லை என்பதை விளக்கச் சொன்னால்தான் திணறுவோம்.

நான் திணறியது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டின் பொருட்டு. சிரிக்க நினைப்பவர்கள் இங்கேயே சிரித்துவிடலாம்.

'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' 2004 ஏப்ரலில் வெளிவந்த இணைய விளையாட்டு. ரோட் ஐலண்ட் மாநிலத்தில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட பாரகன் சிட்டி என்ற நகரம்; அதில் நாம் ஒவ்வொருவரும் ஒரு சூப்பர் ஹீரோ. உருவாக்கியது கிரிப்டிக் ஸ்டூடியோஸ், வெளியிட்டது தென் கொரியாவின் என்சிசாஃப்ட். 2007 இறுதியில் கிரிப்டிக்கிடமிருந்து முழு உரிமையையும் வாங்கிக்கொண்ட என்சிசாஃப்ட், கலிஃபோர்னியாவின் மவுன்டன் வியூவில் பாரகன் ஸ்டூடியோஸ் என்ற கூடத்தை அமைத்து விளையாட்டை வளர்த்தது. நான் அப்போது பக்கத்து ஊரான சான் ஹோசேயில் ஒரு டேட்டா சென்டரில் சர்வர் பராமரிக்கும் இரவு வேலையில் இருந்தேன். விடிந்து வீட்டுக்கு வந்தால் உறக்கம் பிடிக்காது. ஊரே வேலைக்குப் போகும் நேரத்தில் நான் இன்னொரு ஊருக்குள் போவேன்.

என் ஹீரோவின் பெயர் கல்லாடன். உடம்பு கல்லாலானது என்பதால் வைத்த பெயர். சங்கப் புலவர் பொறுத்துக்கொள்வார் என்று நம்புகிறேன். எதிரியின் அடியையெல்லாம் தன்மேல் வாங்கிக்கொண்டு குழுவைக் காப்பது அவன் பிழைப்பு. அந்த ரகத்துக்கு 'டேங்கர்' என்று பெயர். கருங்கல் கவசத்தைப் பூண்டுவிட்டால் அவனை அசைக்க முடியாது. அவனாலும் அசைய முடியாது, ஆமைபோல ஊர்வான், குதிக்கவும் வராது. ஓஹையோவிலிருந்து ஆடிய ஒரு செவிலியர் ஓயாமல் அவனுக்கு வேகம் ஏற்றிவிட்டுக்கொண்டே இருப்பார். அவர் இல்லாத நாளில் கல்லாடன் சண்டை நடக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் சண்டை முடிந்திருக்கும். அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. அவருடைய ஷிஃப்ட் நேரம் மட்டும் மனப்பாடம்.

இதைவிட முக்கியமானது, அந்த நகரத்தில் பாதி ஆடியவர்கள் கட்டியது என்பது. 2009இல் கம்பெனியே ஒரு வசதி கொடுத்தது: ஆடுபவர்கள் தாங்களே கதை எழுதி, வில்லனையும் வசனத்தையும் அமைத்து, மற்றவர்கள் ஆடுவதற்கு வைக்கலாம். ஆயிரக்கணக்கில் எழுதினார்கள். பெரும்பாலானவை குப்பை. சில, சம்பளம் வாங்கி எழுதியவர்களை வெட்கப்படவைக்கும். எல்லாம் கம்பெனியின் சர்வரில்தான் இருந்தன.

அழிவு அங்கே புதிதல்ல. 2011இல் கேலக்ஸி சிட்டி என்ற ஒரு பேட்டையையே கதைக்குள் விண்கல் மழை பொழிந்து தரைமட்டமாக்கினார்கள். அந்த விண்கற்களில் முளைத்துவரும் பிறவிகளுக்கு 'ஷிவன்' என்று பெயர். சைவ வீட்டில் பிறந்தவனுக்கு இதைவிட வேடிக்கை வேண்டுமா? அங்கே தங்கள் முதல் அடியை எடுத்துவைத்தவர்கள் முணுமுணுத்தார்கள், சிலர் திட்டவும் செய்தார்கள். ஆனால் இடிபாடுகளுக்கு நடுவே புதியவர்களுக்கான கதை தொடங்கியது, வாழ்க்கை நடந்தது. ஆகவே அந்த மக்கள் அழிவையே சகிக்காத குழந்தைகள் என்று யாரும் சொல்லவேண்டாம்.

2012 ஆகஸ்ட் 31, வெள்ளிக்கிழமை. ஸ்டூடியோவை மூடுகிறோம், விளையாட்டையும் ஆண்டு முடிவதற்குள் நிறுத்துகிறோம் என்று அறிவிப்பு வந்தது. காரணமாகச் சொல்லப்பட்டது நிறுவனத்தின் கவனத்தை மாற்றி அமைத்தல். சுமார் 80 பேருக்கு அன்றே வேலை போனது. கவனம் மாறியதற்காக ஒரு நகரம் மூடப்படுவதை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

கோபம் எப்படியெல்லாம் வந்தது என்பதைச் சொல்லவேண்டும். செப்டம்பரில் ஒருநாள் அட்லஸ் பார்க்கில், தோளில் உலகைச் சுமந்து நிற்கும் அட்லஸ் சிலையின் காலடியில், நூற்றுக்கணக்கானவர்கள் கையில் தீப்பந்தம் ஏந்திக் கூடினார்கள். தீப்பந்தம் பிடிப்பது விளையாட்டிலேயே இருந்த ஒரு சைகைதான். இடம் போதாமல் அட்லஸ் பார்க்கின் பிரதிகளை ஒன்றன்பின் ஒன்றாக சர்வர் திறந்துகொண்டே போனது. மூடவேண்டாம் என்ற மனுவில் 20,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். ஃபேன்டஸி நாவலாசிரியர் மெர்சிடிஸ் லாக்கியும் அங்கே ஆடுகிறவர். பகிரங்கமாகவே எங்களோடு நின்றார். சிலர் கம்பெனி அலுவலகத்துக்கு நிஜமான முகமூடிகளையும் கேப்களையும் தபாலில் அனுப்பினார்கள். சூப்பர் ஹீரோவின் முதுகில் பறக்கும் அந்தத் துணிக்கு நகரத்தின் கதையில் ஒரு மரியாதை உண்டு. போரில் உயிர்விட்ட ஒரு வீரனின் நினைவாக, இருபதாம் நிலையை எட்டும்வரை எவரும் கேப் அணிவதில்லை என்பது அங்கே வழக்கமாக இருந்தது. தபாலில் போனது துக்கச் சின்னம் என்று பிரித்துப் பார்த்தவர்களுக்குப் புரிந்திருக்குமா?

விற்பதற்கும் பார்த்தோம், எல்லா வழிகளையும் பார்த்துவிட்டோம், முடியவில்லை என்று அக்டோபரில் பதில் வந்தது. நவம்பர் 30 இரவு சர்வர்கள் நின்றன. நான் வேலையில் இருந்தேன். அந்த இரவில் என் பொறுப்பில் இருந்த சர்வர்கள் அத்தனையும் ஒழுங்காக ஓடின.

திருநெல்வேலியில் இருந்த பெரியப்பாவிடம் போனில் புலம்பினேன். அவர் சைவ சித்தாந்த வகுப்பு எடுத்தவர். விளையாட்டு என்றால் பல்லாங்குழிக்கு மேல் அறியாதவர்.

"ஏல, உலகமே மாயைன்னு தெரியும்லா? அதுக்குள்ள நீயா ஒரு மாயையக் காசு குடுத்து வாங்கி, அது போச்சுன்னு அழுதா எப்படி?"

"மூணாம் மனுசன் வந்து மூடிட்டான் பெரியப்பா."

"சங்காரம்னா என்னன்னு நினைச்ச? களைச்சுப்போன உயிரைத் தூங்கப் போடுதது. அது தண்டனை இல்லல."

"இங்க யாரும் களைச்சுப்போகலியே."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அப்பம் அது சங்காரம் இல்ல, வேற என்னமோ" என்றார்.

அவர் சொன்னதைப் பிறகு பலமுறை அசைபோட்டேன். சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் அழித்தலை இளைப்பாற்றுதல் என்றுதான் விளக்குகிறார். பிறந்து பிறந்து அலுத்த உயிர்களுக்கு ஓய்வு கொடுப்பதால் அதுவும் அருளின் ஒரு வடிவம். இன்னொன்றும் உண்டு. சித்தாந்தத்தின்படி அழிந்த உலகம் இல்லாமல் போவதில்லை, மாயையில் ஒடுங்குகிறது. வித்து அப்படியே இருக்கும், நேரம் வந்தால் அதிலிருந்தே மறுபடி தோன்றும். இதை நான் கேலிக்குச் சொல்லவில்லை, சர்வர் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். பழைய சர்வரை ஓய்வு கொடுத்து அனுப்புவதை எங்கள் தொழிலில் 'டீகமிஷன்' என்போம். அதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் யார் யார் இதை நம்பி இருக்கிறார்கள் என்று பட்டியல் எடுக்கவேண்டும். அவர்களுக்குச் சொல்லவேண்டும். அவர்களுடைய தரவை எடுத்துக்கொள்ள வழி செய்யவேண்டும். பேக்கப் எடுத்து, அது சரியாகத் திரும்ப வருகிறதா என்றும் பார்த்த பிறகுதான் மின்சாரத்தைப் பிடுங்கலாம். இதில் ஒரு படியைத் தாண்டினால் மறுநாள் காலையில் மேலாளர் நம்மைப் பிடுங்குவார். இங்கோ மூன்று மாத முன்னறிவிப்பு மட்டும் கிடைத்தது. தங்கள் ஹீரோவின் விவரங்களையாவது சேமித்து வைத்துக்கொள்ள ஆடியவர்களே ஒரு கருவி எழுதிக்கொண்டார்கள். வித்து, அதாவது மூல நிரல், கம்பெனியின் பூட்டுக்குள் போய்விட்டது. தானும் விதைப்பதில்லை, விதைக்க வந்தவர்களுக்கும் கொடுப்பதில்லை.

சைவம் இவ்வளவுதூரம் என்னோடு வந்தது. அதற்குமேல் எனக்குக் கைகொடுத்தது பௌத்தம். இது நான் எதிர்பாராதது, ஏனென்றால் "எல்லாம் அநித்தியம், ஆகவே கோபப்படாதே" என்று அறிவுரை சொன்ன அமெரிக்க நண்பர்களில் பாதிப் பேர் அலுவலக மேசையில் புத்தர் பொம்மை வைத்திருந்தார்கள்.

மிலிந்தன் கேள்விகள் என்ற பாலி நூலில் ஒரு மாங்காய்த் திருடன் வருகிறான். கிரேக்க அரசன் மிலிந்தன் பிக்கு நாகசேனரிடம் கேட்கிறான்: இறந்தவனும் பிறப்பவனும் ஒரே ஆள் இல்லை, கடந்துபோக ஆன்மா என்று ஒன்றும் இல்லை என்கிறீர்களே, அப்படியானால் பழைய வினையிலிருந்து தப்பித்துவிடலாமே? நாகசேனர் பதிலுக்கு ஒரு வழக்கை அரசனிடமே தீர்ப்புக்கு விடுகிறார். ஒருவன் நட்ட மரத்தில் இன்னொருவன் மாங்காயைத் திருடிவிட்டான். பிடிபட்டதும், "இவர் நட்டது வேறு, நான் பறித்தது வேறு, என்மேல் குற்றம் இல்லை" என்கிறான். அரசன் யோசிக்கவேயில்லை, குற்றவாளிதான் என்கிறான். நட்டதிலிருந்துதானே பறித்தது வந்தது?

திருடனின் வாதத்தில் தத்துவப் பிழை எதுவும் இல்லை என்பதுதான் இதில் ருசி. நாகசேனரும் அதைத்தான் சொல்லிவந்தார்: எதுவும் அதுவாகவே நிலைப்பதில்லை. ஆனால் அந்தத் தத்துவத்தைத் திருடன் வாயில் வைத்ததும் அது செல்லாக்காசாகிவிடுகிறது. நிலையாமையை உச்சத்துக்குக் கொண்டுபோன ஒரு மரபே பொறுப்பை அதனால் கரைக்க முடியாது என்று முடிவு செய்துவைத்திருக்கிறது. சர்வர்கள் என்றைக்குமாக ஓடாது என்பது உண்மை. ஆகவே நாங்கள் நிறுத்தியதில் தவறில்லை என்பது திருடனின் வழக்கு.

மணல் மண்டலத்தைச் சொல்லி என்னை மடக்கப் பார்த்தவர்களும் உண்டு. திபெத்தியத் துறவிகள் நாள்கணக்கில் குனிந்து வண்ண மணலால் மண்டலம் வரைந்து, முடித்ததும் கூட்டித் தள்ளி ஆற்றில் விட்டுவிடுகிறார்களே, அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள் என்றார்கள். கற்றுக்கொண்டேன். 2007இல் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டி யூனியன் ஸ்டேஷனில் அப்படி ஒரு மண்டலம் பாதியில் இருந்தபோது, ஒரு சின்னக் குழந்தை தடுப்பைத் தாண்டிப் போய் மணலின்மேல் ஆடிவிட்டது. துறவிகள் கோபப்படவில்லை. மண்டலத்தின் பாடமே இதுதான் என்று சொல்லிவிட்டு மூட்டையும் கட்டவில்லை. உட்கார்ந்து, கலைந்ததை மறுபடி வரைந்தார்கள். கலைக்கவேண்டிய வேளை வரவில்லை. கலைக்கவேண்டியவர்கள் தாங்கள், அதற்குரிய மந்திரத்தோடு. நிலையாமையை அவர்களைவிட நன்றாக யார் அறிவார்கள்?

கோபம் சரிதானா என்ற கேள்வி தனியே நிற்கிறது. வெகுளாமை அதிகாரத்தைத் தொடங்கும்போதே வள்ளுவர் ஓர் எல்லை கட்டுகிறார். கோபம் செல்லுபடியாகும் இடத்தில் அதை அடக்குகிறவனே கோபத்தை அடக்கியவன். செல்லாத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்பது போல. அடுத்த குறளிலேயே செல்லாத இடத்துக் கோபம் தீது என்றும் சொல்லிவிடுகிறார், அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. எங்கள் கோபம் சியோல் வரை செல்லாத கோபம். செல்லாதது என்று தெரிந்த சிலர், அது செல்லக்கூடிய இடத்தைத் தேடிப் போனார்கள்: உதவி மையத்தில் பதில் எழுதும் கடைநிலை ஊழியர்களைப் போட்டுக் காய்ச்சினார்கள். அதை எந்தத் தத்துவத்தாலும் நியாயப்படுத்த வராது. அந்த ஊழியர்களும் எங்களைப் போல அறிவிப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருப்பார்கள்.

இன்னும் பெரிய கோபம் கம்பெனிமேல் வரவில்லை, எங்களில் சிலர்மேல் வந்தது. 2019 ஏப்ரலில் ஒரு செய்தி கசிந்தது. வித்து எப்படியோ வெளியே போயிருக்கிறது; சிலர் அதை வைத்துப் பல ஆண்டுகளாக ரகசியமாக ஒரு சர்வர் நடத்தியிருக்கிறார்கள்; அழைக்கப்பட்டவர்கள் மட்டும் உள்ளே ஆடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். வெளியே நின்றவர்கள் அந்தக் காலத்தில் ஆளில்லாத நகரத்தில் நடந்து பேசிக்கொள்ள மட்டும் உதவும் 'பாரகன் சாட்' என்ற கருவியை வைத்து மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார்கள். சண்டை இல்லை, வில்லன் இல்லை, வெறும் தெரு. அந்தத் தெருக்களில் நானும் நடந்திருக்கிறேன்.

ரகசியம் காத்தவர்கள் சொன்ன காரணம்: வெளியே தெரிந்தால் வழக்கு வரும், எல்லாமே போய்விடும். நியாயமான பயம். ஆனால் அது என்சிசாஃப்ட்டின் வாதத்துக்கு அண்ணன் தம்பி. எங்களிடம் இருக்கிறது, உங்களுக்குத் தராததற்கு எங்களிடம் காரணம் இருக்கிறது. நான் கம்பெனியை மன்னித்துவிடுவேன், அதற்குப் பங்குதாரர் என்று ஒரு சாக்கு உண்டு. தீப்பந்தம் பிடித்துப் பக்கத்தில் நின்றவன் அடுத்த வருடம் பின்வாசல் வழியாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான் என்பதுதான் செரிக்கவில்லை. சைவர்கள் ஐந்தொழிலில் மறைத்தலுக்கும் ஓர் இடம் வைத்து அதையும் அருள் என்கிறார்கள். இறைவனுக்கு அது பொருந்தலாம். ஒரு கேமிங் குழுவுக்குப் பொருந்தாது.

கோபம் இந்தமுறை சென்றது. சில நாள்களிலேயே நிரல் பொதுவில் வந்தது, ஆளுக்கொரு சர்வர் முளைத்தது. அவற்றில் பெரியது 'ஹோம்கமிங்'. 2024 ஜனவரியில் என்சிசாஃப்ட் அதற்கு முறையான உரிமமே கொடுத்துவிட்டது. செலவை ஆடுகிறவர்கள் நன்கொடையாகப் போடுகிறார்கள், உழைப்பவர்கள் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். 2012இல் எல்லா வழிகளையும் பார்த்தாகிவிட்டது என்றார்களே, அந்தப் பட்டியலில் இந்த வழி இருந்ததா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

கல்லாடனை மறுபடி உருவாக்கியிருக்கிறேன். பழைய கணக்கு அங்கே இல்லை, முதல் நிலையிலிருந்து ஏறவேண்டியிருந்தது. அவன் பழையவனா புதியவனா? இரவு முழுவதும் எரியும் விளக்கில் முதல் சாமத்துச் சுடரும் கடைசிச் சாமத்துச் சுடரும் ஒன்றா என்று கேட்டு, ஒன்றுமில்லை வேறுமில்லை என்பார் நாகசேனர். ஆனால் அவருடைய விளக்கு நடுவில் அணைவதில்லை. அணைந்து, எண்ணெயும் திரியும் ஆறேழு வருடம் யாரோ ஒருவரின் அலமாரியில் கிடந்து, வேறு கையால் ஏற்றப்பட்ட சுடரைப் பற்றி அவர் பேசவில்லை. ஓஹையோ செவிலியரை அங்கே நான் இதுவரை பார்க்கவில்லை. வேறு யாரோ வேகம் ஏற்றிவிடுகிறார்கள்.

இப்போது இந்தச் சண்டை ஒரு நகரத்தோடு நிற்கவில்லை. 2014 இறுதியில் யூபிசாஃப்ட் வெளியிட்ட 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டைத் தனியாகவே ஆடலாம், ஆனால் கம்பெனி சர்வரோடு தொடர்பு இல்லாமல் அது திறக்காது. 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கியவர்களின் கணக்கிலிருந்தும் அதை எடுத்தார்கள். அதைத் தொட்டு ராஸ் ஸ்காட் என்ற அமெரிக்க யூடியூபர் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தின் ஐரோப்பியக் குடிமக்கள் மனு, 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது. சர்வரை என்றைக்கும் ஓட்டு என்று அவர்கள் கேட்கவில்லை. நிறுத்தும்போது, நீ இல்லாமலும் ஆடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போ என்கிறார்கள். கம்பெனிகள் செலவையும், பிறரிடம் கடன்வாங்கிய மென்பொருள் உரிமங்களையும் காட்டுகின்றன. பழைய விளையாட்டுகளுக்கு அது உண்மையான சிக்கல்தான், பழைய நிரலைப் பிரித்து ஒட்டுவது எவ்வளவு வேதனை என்று எனக்குத் தெரியும். இனிமேல் எழுதப்போகிறவற்றுக்கு அந்தச் சாக்கு செல்லாது. முடிவை மனதில் வைத்து முதல் நாளே திட்டமிட்டால் தீரும்.

'தி க்ரூ'வை வாங்கியவர்கள் தொடுத்த வழக்கில், அமெரிக்க நீதிமன்றத்தில் யூபிசாஃப்ட் வைத்த வாதம் வேறு: அவர்கள் வாங்கியது விளையாட்டை அல்ல, அதைப் பயன்படுத்தும் உரிமத்தை, பெட்டியிலேயே அப்படித்தான் போட்டிருந்தது. நீ நட்டது வேறு, நான் பறித்தது வேறு. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. இப்படிப்பட்ட டிஜிட்டல் சரக்குக்கு 'வாங்கு' என்று பொத்தான் போட்டு விற்றால், இது வெறும் உரிமம்தான் என்று வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லவேண்டும். அதாவது மாங்காயைப் பறிப்பதற்குத் தடை இல்லை, பறிப்பேன் என்று முன்கூட்டியே பலகை வைத்துவிடவேண்டும். மிலிந்தன் அரசவையில் திருடனுக்குத் தண்டனை உண்டு என்று தீர்ப்பானது. மரம் வைத்தவனுக்கு என்ன கொடுத்தார்கள் என்று நூலில் தேடிப் பார்த்தேன், அதைப் பற்றி அரசனும் கேட்கவில்லை, பிக்குவும் சொல்லவில்லை.